கல்யாணத்தை முழுக்க பிலிம் ரோலில் எடுக்கலாமா?

கேள்வி: தை மாதம் திருவந்திபுரத்தில் எனக்குக் கல்யாணம். மாலை பாண்டிச்சேரியில் ரிசப்ஷன். முழுவதையும் பிலிம் கேமராவில் எடுக்க ஆசை, அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

முழுவதும் வேண்டாம். கொஞ்சம் எடுங்கள். எதை ரோலுக்குக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது என்பதுதான் இதில் முக்கியம். கடலூர், பாண்டிப் பக்கக் கல்யாணங்களில் இரண்டு வகைக் கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு திரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தாலி கட்டும் நேரத்தை டிஜிட்டலுக்கே விட்டுவிடுங்கள். வரிசையாகக் கல்யாணம் நடக்கும் கோயில் ஊரான திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு ஜோடி எழுந்திருக்கும் முன்பே அடுத்த வீட்டார் சீர்த்தட்டோடு வந்து நிற்பார்கள். கெட்டிமேளம் ஆரம்பித்தால் மூன்று முடிச்சும் விழ அரை நிமிடம் ஆனால் அதிகம். அதற்குள் அட்சதை பறக்கும், யாரோ ஒரு மாமா செல்போனை நீட்டிக்கொண்டு குறுக்கே வருவார், நாத்தனார் முடிச்சுப் போடக் குனிந்தால் பெண் முகமே தெரியாது. டிஜிட்டலில் முப்பது முறை அழுத்தி இரண்டைத் தேற்றலாம். 35 மி.மீ. ரோலில் மொத்தமே 36 படம். ஆறுக்கு ஏழு செ.மீ. அளவில் பெரிய படம் எடுக்கும் மீடியம் பார்மட் கேமரா என்றால் பத்தே படத்தில் ரோல் தீர்ந்துவிடும்.

அப்படியும் ஒன்றிரண்டு ரோலில் வேண்டும் என்றால், எடுப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ரோலை எப்போது மாற்றுவீர்கள்?” தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கச் சுற்றி வருமே, அப்போது. உள்ளே பாதி ரோல் மிச்சம் இருந்தாலும் சுற்றி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லத் தடுமாறுகிறவர் நம் ஊர்க் கல்யாணத்தை ரோலில் எடுத்தவராக இருக்க மாட்டார்.

அடுத்தது வெளிச்சம். கலர் நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் தாங்கும், ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏறினாலும் முகம் கெடாது. குறைந்தால்தான் வம்பு, நிழலெல்லாம் கலங்கிப் புள்ளி புள்ளியாக வரும். டிஜிட்டல் இதற்கு நேர்மாறு, வெளுத்துப் போன பட்டு வேட்டியை எந்தச் சாப்ட்வேரும் மீட்டுத் தராது. இன்னொன்று, கலர் ரோல்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்துக்கென்றே தயாரானவை. மண்டபத்து மஞ்சள் பல்பில் எல்லோரும் ஆரஞ்சாகத் தெரிவார்கள், பழைய டியூப்லைட்டில் பச்சை தட்டும். மேடை, மொய்க்கவர் வரிசை, சாப்பாட்டுப் பந்தி எல்லாம் டிஜிட்டலுக்குப் போகட்டும்.

ரோலுக்கு ஏற்ற நேரங்கள் வேறு. முகூர்த்தம் முடிந்து வெளியே வரும்போது ஏழு, எட்டு மணி வெயில் சாய்வாக இருக்கும். கூரைப்புடவையின் அரக்குச் சிவப்பு பிலிமில் விழுகிற அழகை நான் திரையில் இன்னும் பார்க்கவில்லை. (இது என் கண்ணின் பாரபட்சமாகவும் இருக்கலாம்.) மதியம் பாண்டிக்குப் போய்விட்டால், ரிசப்ஷனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒயிட் டவுனுக்கு ஒதுக்குங்கள். பீச் ரோடு கிழக்கே பார்த்தது, மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கிவிடும். அதனால் கடற்கரையைவிட உள்தெருக்களின் நிழல் மேல். எல்லோரும் நிற்கிற மஞ்சள் சுவரை ஒட்டி மட்டும் நிற்காதீர்கள், அந்த மஞ்சள் அப்படியே கன்னத்தில் ஏறும். நாலடி தள்ளி நின்றாலே போதும்.

தாத்தா பாட்டிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொல்லுங்கள். இல்ஃபோர்டு எச்பி5 மாதிரியான ஐ.எஸ்.ஓ. 400 ரோலை (வெளிச்சத்தை வாங்கும் வேகத்தின் எண் இது) கேமராவில் 1600 ஆக வைத்து எடுத்து, கழுவும் (டெவலப் செய்யும்) நேரத்தைக் கூட்டினால், மண்டபத்துக்குள்ளேயே பிளாஷ் இல்லாமல் தேறும். கறுப்பு வெள்ளை ரோலில் படமாக நிற்பது வெள்ளி உலோகம். கலரில் நிற்பது சாயம், நாளாக ஆக வெளிறும். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களைப் புரட்டினாலே இது தெரியும். கேமராவின் பின்னால் திரை இல்லாததால் “எங்கே காட்டு” என்று யாரும் ஓடி வருவதும் இல்லை, பாட்டி பாட்டுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். நல்ல கலர் ரோல் ஒன்றே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கழுவ, ஸ்கேன் செய்யத் தனிக் காசு. கலர் கழுவும் மருந்து 38 டிகிரியிலேயே நிற்க வேண்டும், கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நிறம் மாறும். ஆகவே மலிவான இடம் தேடாதீர்கள். நான் வெளியூர் லேபுக்குக் கூரியரில்தான் அனுப்புகிறேன், படம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அம்மாவுக்கு அன்றிரவே குடும்பக் குரூப்பில் போடத் தாலி கட்டும் படம் வேண்டும், அது டிஜிட்டலில் வந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். பாதி எதிர்ப்பு அதிலேயே அடங்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே, கழுவிய நெகட்டிவ் எங்களுக்கே என்று எழுதி வாங்குங்கள். ஸ்கேனை மட்டும் கொடுத்துவிட்டு நெகட்டிவைத் தாங்களே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. வந்ததும் உறையோடு காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நம் கடற்கரை ஈரத்தில் சும்மா பீரோவில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.