19-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய, கனத்த குரல் வாத்தியம்) மேதை பியாட்டி, வயலின் மேதை பாகனினி அளவுக்கு ஏன் பேசப்படுவதில்லை?

செல்லோ படிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆல்ஃபிரடோ பியாட்டியின் 12 கேப்ரிஸ்களில் (வாசிப்புத் திறமையைச் சோதிக்கும் தனி வாத்தியத் துண்டுகள்) மாட்டி விரல் நொந்தவர்கள் நிறைய இருப்பார்கள். வெளியே பெயர் பரவாததற்கு அவர் தேர்ந்தெடுத்த வாழ்க்கைதான் காரணம் என்பேன்.

1822-இல் இத்தாலியின் பெர்கமோவில் பிறந்தார், ஓபரா இசையமைப்பாளர் டோனிசெட்டி பிறந்த அதே போர்கோ கனாலே பகுதி. அப்பா வயலின் வாசிப்பவர். மிலான் கன்சர்வேட்டரியில் படித்துவிட்டு இளம் வயதிலேயே ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பியவர், பெஸ்ட் நகரில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) நோயில் விழுந்து, கையிலிருந்த செல்லோவையே விற்க வேண்டியதாயிற்று. அப்புறம் மியூனிக்கில் பியானோ மேதை லிஸ்ட் அவரைத் தன் கச்சேரியில் சேர்த்துக்கொண்டதும், பாரிஸில் புகழ்பெற்ற அமாட்டி குடும்பத்தார் செய்த ஒரு செல்லோவைப் பரிசளித்ததும் எல்லோரும் சொல்லும் கதை. பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

உண்மையான வேலை நடந்தது லண்டனில். 1859-இல் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் 'பாப்புலர் கச்சேரிகள்' தொடங்கின. ஒரு ஷில்லிங் கொடுத்தால் பீத்தோவன் குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிப்பது) கேட்கலாம். புகழ்பெற்ற வயலின் கலைஞர் யோவாகிம் முதல் வயலின், பியாட்டி செல்லோ என்று பல பத்தாண்டுகள் ஓடியது. குவார்ட்டெட்டில் செல்லோக்காரர் பெரும்பாலும் அடியில் தாங்கிப் பிடிப்பவர், கைதட்டல் மேலே இருப்பவருக்குத்தான் போகும். பாகனினிக்குச் சாத்தானோடு ஒப்பந்தம் என்று ஊரெல்லாம் வதந்தி. சீசன் தவறாமல் வந்து ஹெய்டன் வாசித்துவிட்டுப் போகிறவரைப் பற்றி யார் வதந்தி கிளப்புவார்கள்?

திறமையில் குறைவே இல்லை. செல்லோவின் அடியில் தரையில் ஊன்றும் கம்பி இல்லாமல், பழைய வழக்கப்படி செல்லோவைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டுதான் வாசித்தார். 1866-இல் ஆங்கில இசையமைப்பாளர் சல்லிவனின் செல்லோ கன்செர்ட்டோவை (தனிவாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதலில் வாசித்தவரும் அவரே. மறந்துபோயிருந்த பழைய இத்தாலியப் படைப்புகளைத் தேடிப் பதிப்பித்தார். மாணவர்களைப் பாருங்கள்: யோவாகிமோடு சேர்ந்து பிராம்ஸின் இரட்டைக் கன்செர்ட்டோவை 1887-இல் அரங்கேற்றிய ஹௌஸ்மான் இவரிடம் படித்தவர், டுவோர்ஷாக்கின் செல்லோ கன்செர்ட்டோவை 1896-இல் அரங்கேற்றிய லியோ ஸ்டெர்னும் அப்படியே.

1901-இல் பெர்கமோ பக்கத்திலேயே இறந்தார். அவர் வாசித்த, ஸ்ட்ராடிவாரி 1720-இல் செய்த செல்லோ பிற்பாடு மெக்சிகோவின் செல்லோ கலைஞர் கார்லோஸ் பிரியேட்டோ கைக்குப் போனது, 'பியாட்டி' என்றுதான் அதற்கு இன்றும் பெயர்.

சரி, கேட்க ஆசையென்றால் 7-ஆவது கேப்ரிஸிலிருந்து தொடங்குங்கள், வில் நான்கு தந்திகளிலும் ஓடும், கூடத் துணைக்கு ஒரு பியானோகூட இல்லை.