வெளியூருக்கு விற்கும் பழைய காரும் வராத பணமும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை, ஐம்பது அறுபது ஆண்டு வயதுள்ள கார்களை நேரில் பார்த்திராத வெளிமாநிலத்தவருக்கு விற்பது பற்றியவை. ஆகவே மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தையாரின் 1967ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். ராணுவ அதிகாரி என்று சொன்ன ஒருவர் பேரமே பேசாமல் விலைக்கு ஒப்புக்கொண்டு, தம் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார். முன்பணம் வருவதற்கென அவர் அனுப்பிய கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டேன். 48,000 ரூபாய் போய்விட்டது. என் அறியாமைதான் காரணமா? (குன்னூர்)

பதில்: காரணம் உங்களை ஏமாற்றியவர், நீங்கள் அல்ல. தந்தை ஓட்டிய வண்டியைப் பிரிகிற மனநிலையில், சீருடையைக் காட்டி ஒருவர் மரியாதையாகப் பேசினால் யாரும் நம்புவார்கள். அந்த நம்பிக்கையைப் பறிப்பதற்காகவே இந்த வேடம் போடப்படுகிறது. அந்த அடையாள அட்டையும் பெரும்பாலும் வேறு யாரிடமிருந்தோ திருடப்பட்ட படமாகவே இருக்கும். உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் தடுத்து நிறுத்த வாய்ப்பிருப்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நாமே ரகசிய எண்ணை இட்டுப் போன பணத்திற்கு வங்கி பொறுப்பேற்பது அரிது என்றாலும், நீங்கள் தெரிவித்த பிறகும் உங்கள் அனுமதியின்றி ஏதேனும் பணம் போனால் அந்த இழப்பு வங்கியுடையது என்பது ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதி. யுபிஐயில் ரகசிய எண் கேட்கப்படுவது பணம் கொடுப்பதற்கும் இருப்பைப் பார்ப்பதற்குமே. பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், எந்த எண்ணையும் இடவும் வேண்டாம்.

கேள்வி: முழுத் தொகையையும் ஆர்டிஜிஎஸ் என்ற வங்கிப் பரிமாற்றம் மூலம் அனுப்பியதாக, அந்தப் பரிமாற்றத்தின் அடையாளமான யுடிஆர் எண்ணுடன் கூடிய ஸ்கிரீன்ஷாட்டை வாங்குபவர் அனுப்பியிருக்கிறார். லாரி வாசலில் நிற்கிறது. காரை ஏற்றலாமா? (பொள்ளாச்சி)

பதில்: ஏற்றக் கூடாது. உங்கள் வங்கிக் கணக்கை நீங்களே திறந்து பார்த்து, தொகை வரவாகியிருந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

கேள்வி: கொல்கத்தாக்காரர் ஒருவர் என் அம்பாசடர் மார்க் 2 காரை 3,50,000 ரூபாய்க்குக் கேட்கிறார். சனிக்கிழமை மாலை தம்பியை டிமாண்ட் டிராஃப்டுடன் அனுப்புவதாகச் சொல்கிறார். டிராஃப்ட் என்பது பணத்திற்குச் சமம்தானே? (திருச்சி)

பதில்: உண்மையான டிராஃப்ட் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் போலி டிராஃப்ட் வெறும் அச்சுத்தாள். மேசைமேல் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய நம்மால் முடியாது. 2018 செப்டம்பர் முதல் டிராஃப்டின் முகப்பிலேயே அதை எடுத்தவரின் பெயரும் அச்சிடப்பட வேண்டும் என்பதால், அந்தப் பெயர் வாங்குபவருடையதுதானா என்று முதலில் பாருங்கள். அடுத்ததாக, டிராஃப்டைத் தந்த வங்கிக் கிளையின் தொலைபேசி எண்ணை, அந்தத் தாளிலிருந்தோ வந்தவர் சொல்லியோ எடுக்காமல், நீங்களாகத் தேடி எடுத்துப் பேசுங்கள். சனிக்கிழமை மாலையில் அந்தக் கிளையில் தொலைபேசியை எடுக்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பதே எனக்கு உறுத்துகிறது. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதல் விடுமுறை நாட்களிலும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் உள்ள தொகைகளுக்கு அதுவே உரிய வழி. அவசரம் அவருடையது என்றால் அந்த வழியில் அவர் அனுப்பட்டும்.

கேள்வி: விலை 5,40,000. வந்த காசோலையோ 6,20,000 ரூபாய்க்கு. மிகுதி 80,000 ரூபாயைக் கார் ஏற்றும் லாரிக்காரருக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். (புதுச்சேரி)

பதில்: ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். காசோலை திரும்பி வரும். லாரிக்காரர் என்று சொல்லப்படுபவரும் அவருடைய ஆள்தான்.

கேள்வி: முன்பணம் 50,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்திற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் காரையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டேன். வாங்குபவரின் பெயரை நிரப்பவில்லை. மீதி மூன்று லட்சம் நான்கு மாதமாக வரவில்லை. (காரைக்குடி)

பதில்: இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய நாள் முதல் நான் எதிர்த்து வருகிற பழக்கம் இது. இன்னும் நின்றபாடில்லை. பெயரும் தேதியும் இல்லாத படிவத்தில் உரிமையாளர் போடும் கையெழுத்து, அந்தக் காகிதம் யார் கைக்குப் போகிறதோ அவருக்கெல்லாம் காரைக் கொடுப்பதாகும். தரகர்கள் அதை வழக்கம் என்று சொல்வது, தங்கள் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்கு விற்க வசதியாக இருப்பதால்தான். அந்த வசதிக்கான விலையை நீங்கள் கொடுக்க நேரலாம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், கார் பல கை மாறிய பிறகு விபத்து நேர்ந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்றும் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பணமும் வராமல், காரும் இல்லாமல், முகம் தெரியாத ஓட்டுநர் செய்யும் விபத்துக்கு நீதிமன்றப் படியேறும் நிலையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு என்றாலும் இன்று செய்ய வேண்டியது வேறு. காரை ஒப்படைத்த தேதி, பெற்ற தொகை, பாக்கித் தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு வாங்கியவருக்கு வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், பணம் முழுதும் வரவில்லை, பெயர் மாற்றத்திற்கு நான் சம்மதிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை பெறுங்கள். காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். இனி விற்பவர்கள், வாங்குபவரின் பெயரும் முகவரியும் தேதியும் முழுமையாக நிரம்பிய படிவத்தில், தொகை முழுவதும் வரவான பிறகு மட்டுமே கையெழுத்திடுங்கள். வேறு மாநிலத்திற்குப் போகும் காருக்குத் தேவையான தடையின்மைச் சான்றுக்கும், அதாவது படிவம் 28க்கும், பணம் வந்த பிறகு நீங்களே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: ஏழு லட்சத்தில் நான்கு லட்சத்தை ரொக்கமாக, இரண்டு நாட்களில் இரண்டிரண்டு லட்சமாகத் தருகிறேன் என்கிறார். (கோயம்புத்தூர்)

பதில்: ஒரே விற்பனைக்காக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. நாட்களைப் பிரித்தாலும் விற்பனை ஒன்றுதான். பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கப்படலாம். அது கொடுத்தவருக்கு அல்ல, பெற்ற உங்களுக்கு.

கேள்வி: வாங்குபவர் ஜெய்ப்பூரில் இருக்கிறார். பணத்தை மூன்று நண்பர்களின் கணக்குகளிலிருந்து அனுப்புவதாகச் சொல்கிறார். எனக்குப் பணம் வந்தால் போதாதா? (மதுரை)

பதில்: போதாது. அந்தக் கணக்குகளில் ஒன்றில் இருப்பது வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்து, பறிகொடுத்தவர் புகார் செய்தால், அந்தப் பணம் போய்ச் சேர்ந்த உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். ஓய்வூதியமும் அதே கணக்கில் வருமானால் மாதக் கணக்கில் அதையும் எடுக்க முடியாமல் அலைய நேரும். விற்பனை ஒப்பந்தத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவருடைய கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி, வந்த பெயரையும் அவருடைய அடையாள ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த விற்பனைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குவது இன்னும் நல்லது.

கேள்வி: 1956ஆம் ஆண்டு லேண்ட்மாஸ்டர் ஒன்றின் நான்கு புகைப்படங்களைப் பார்த்து 1,20,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். விற்பவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. ஆர்.சி. நகல் கேட்கவில்லை. (சேலம்)

பதில்: ஏன் கேட்கவில்லை? ஒன்றேகால் லட்சத்தை ஒட்டிய தொகையை அனுப்புமுன் ஒரு காகிதத்தைக் கேட்பது அவ்வளவு கடினமா? இதே பகுதியில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். நானும் இளம் வயதில் வேறு மாநிலத்திலிருந்து ஒரு ஃபியட் 1100 காரைப் படத்தைப் பார்த்தே வாங்கினேன். வந்து சேர்ந்த காரின் என்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணோடு பொருந்தவில்லை. அதைச் சரிசெய்து என் பெயருக்கு மாற்ற மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த அலைச்சலை இன்னொருவர் படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். 1930க்கு இன்றே புகார் செய்யுங்கள். விளம்பரம், உரையாடல், வங்கி விவரம் எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: வாங்குபவர் கொச்சியிலிருந்து நேரில் வருகிறார். எங்கே, எப்போது சந்திப்பது? (உதகை)

பதில்: உங்கள் வங்கிக் கிளையில், வேலை நாளில், காலை பதினொரு மணிக்குள். பாஸ்புத்தகத்தில் வரவு பதிவான பிறகு அங்கேயே படிவத்தில் கையெழுத்திட்டு, ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டுச் சாவியைக் கொடுங்கள்.