எந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். என் மகள் தொடக்கக் கல்லூரி முடித்துவிட்டாள், போன வாரம் ஏ லெவல் முடிவு வந்தது. எச்2 நிலை இயற்பியலில் ஏ, கணிதத்தில் பி. இயற்பியல்தான் படிப்பேன், விண்வெளி ஆய்வுக்குத்தான் போவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். லண்டனுக்கு அனுப்பலாம், வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்கு மாறினால் முடியும் என்கிறார் என் கணவர். இயற்பியல் படித்தால் என்ன வேலை, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல் என்கிறார் என் அண்ணன். தரவரிசைப் பட்டியல்களைப் பார்த்தால் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமான என்யூஎஸ்ஸும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்டியூவும் வருடத்துக்கு ஓர் இடத்தில் இருக்கின்றன. நாங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள். நானும் கணவரும் பல்கலைக்கழகம் போனதில்லை. எதை வைத்து முடிவெடுப்பது என்று சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்,
செங்காங்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வீட்டு விஷயம். விற்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகள் ஆசைப்படும் ஆய்வு வேலை முதல் பட்டத்தோடு கிடைப்பதில்லை, அதற்குப் பிஎச்டி வேண்டும். முதல் பட்டத்துக்கு நாம் காசு கட்டுகிறோம், பிஎச்டிக்குப் பெரும்பாலும் அவர்கள் நமக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் நல்ல இயற்பியல் துறைகள் பிஎச்டி மாணவர்களின் கட்டணத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, வகுப்பெடுக்கவோ ஆய்வில் உதவவோ வைத்து மாதாமாதம் பணமும் தருகின்றன. ஜெர்மனியில் பிஎச்டி செய்கிறவர்கள் பலர் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஆனால் லண்டனில் முதல் பட்டம் என்றால், வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000, 40,000 பவுண்டு வரை போகிறது, தங்குவதும் சாப்பிடுவதும் தனி. இங்கே கல்வி அமைச்சின் மானியம் போகக் குடிமக்கள் கட்டுவது ஆண்டுக்கு 8,000, 9,000 சிங்கப்பூர் வெள்ளி. அதையும் உங்கள் மத்திய சேமநிதியிலிருந்து கட்ட வழி இருக்கிறது (படித்து முடித்தபின் அவள் அதை வட்டியோடு உங்கள் கணக்குக்குத் திருப்ப வேண்டும், இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்). உலகத்தின் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் அவள் போகட்டும், ஆனால் நான்கு ஆண்டு கழித்து, அவர்கள் செலவில் போகட்டும்.

இப்படிப் பார்த்தால் உங்கள் கேள்வியே சுருங்கிவிடுகிறது: நல்ல பிஎச்டிக்கு அவளைத் தயார்ப்படுத்தும் துறை எது? பிஎச்டிக்கு ஆளெடுப்பவர்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதோடு வழக்கமாக மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். இருநூறு பேர் உட்கார்ந்த விரிவுரையில் பாடம் நடத்தியவர், இந்தப் பெண் என் பாடத்தில் ஏ வாங்கினாள் என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. ஓராண்டு என் ஆய்வகத்தில் இருந்தாள், கருவி வேலை செய்யாதபோது ஏன் என்று அவளே கண்டுபிடித்தாள் என்று ஒருவர் எழுதினால் அதற்குக் கனம் உண்டு. அப்படி எழுதக்கூடிய ஒருவரிடம் இரண்டாம் ஆண்டிலேயே அவள் போய்ச் சேர முடிகிற இடம்தான் அவளுக்கு நல்ல இடம்.

தரவரிசை இதைச் சொல்லாது. கியூஎஸ் என்ற தரவரிசை நிறுவனம் பாட வாரியாகப் போடும் பட்டியலில் பெரும்பகுதி, மற்ற கல்வியாளர்களும் நிறுவனங்களும் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கருத்துக் கணிப்பிலிருந்தும், அங்குள்ளவர்களின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கிலிருந்தும் வருகிறது. இரண்டாம் ஆண்டு மாணவி ஆய்வகத்தில் என்ன செய்கிறாள் என்பது அதில் எங்கேயும் இல்லை.

வானியலில் நம்மவர் பெயர் என்றால் நோபல் பரிசு வாங்கிய வானியற்பியலாளர் சந்திரசேகர். அவருடைய முதல் பட்டம் சென்னை மாநிலக் கல்லூரியில். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, கல்லூரி மாணவராக இருந்த சந்திரசேகர் தேடிப்போய்ப் பார்த்தார். நீ படித்து வைத்திருக்கும் இயற்பியல் பழையதாகிவிட்டது என்று தெரிவித்த அந்தப் பெரியவர், இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் படியையும் கொடுத்தார். மறு ஆண்டே சந்திரசேகரின் கட்டுரை ராயல் சொசைட்டி இதழில் வந்துவிட்டது. கேம்பிரிட்ஜுக்கு அவர் கப்பல் ஏறியது 1930இல், அரசு உதவித்தொகையில். முதல் பட்டம் ஊரில், வெளிநாடு பிறகு, அடுத்தவர் செலவில்: நான் சொல்வதும் இதைத்தான்.

சரி, என்யூஎஸ்ஸா என்டியூவா. அடிப்படைப் பாடங்களில் பெரிய வித்தியாசம் கிடையாது. இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், வெப்பமும் புள்ளியியல் இயற்பியலும், அதற்கு வேண்டிய கணிதம், ஆய்வக வேலை, கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டம், எல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு. மாணவர்களை முன்னதாகவே ஆய்வில் சேர்க்கும் திட்டமும் இரண்டிலும் உண்டு, என்டியூவில் யுரேகா என்றும் என்யூஎஸ்ஸில் யூரோப்ஸ் என்றும் கேட்டால் யாரும் சொல்வார்கள். என்யூஎஸ்ஸில் 2021 முதல் அறிவியலும் கலையும் ஒரே கல்லூரியின் கீழ் வந்துவிட்டதால் படிப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எல்லோருக்கும் பொதுவான பாடங்கள். என்டியூவிலும் பொதுப் பாடங்கள் இருக்கின்றன. எழுதவும் வாதாடவும் தெரியாத விஞ்ஞானி சிரமப்படுவார் என்பதால் எனக்கு இதில் குறை தெரியவில்லை, ஆனால் முதல் நாளிலிருந்து இயற்பியலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று நினைக்கிற பெண்ணாக இருந்தால் தெரிந்துகொண்டே போகட்டும்.

ஒரு விஷயத்தை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரின் பலம் குவாண்டம், ஒளியியல், திண்மப் பொருள்களின் இயற்பியல் இவற்றில்தான். குவாண்டம் தொழில்நுட்ப மையம் 2007இலிருந்து என்யூஎஸ்ஸில் நடக்கிறது, எலெக்ட்ரான்களை வேகமாகச் சுழற்றி எக்ஸ் கதிர் போன்ற வலுவான ஒளியை எடுக்கும் சிங்க்ரோட்ரான் ஒளிக்கூடமும் அங்கேதான். வானியல் ஆய்வு இங்கே மெலிந்துதான் இருக்கிறது, மேகமும் தெருவிளக்கும் மூடிய வானத்தில் பெரிய தொலைநோக்கி வைத்தும் பயனில்லை. அதனால் வழி அடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இன்று வானியலில் நிறைய வேலை கணினியில்தான் நடக்கிறது. ஐரோப்பாவின் கையா விண்கலம் சேர்த்த சுமார் 180 கோடி விண்பொருள்களின் தரவை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், செங்காங் வீட்டு மேசையிலிருந்தே. இரண்டு பல்கலைக்கழகங்களிலும் மாணவர் பரிமாற்றத் திட்டம் இருக்கிறது, மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் வானியல் வலுவாக உள்ள இடத்துக்குப் போய்வரலாம். குவாண்டம் ஆய்வகத்தில் நுண்ணிய ஒளியை அளக்கக் கற்றவள் பின்னால் தொலைநோக்கிக் கருவி செய்யும் குழுவில் சேர்வதும் நடக்கக்கூடியதுதான். வானியற்பியல் என்று பட்டத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் வேண்டாம்.

விண்ணப்பத்தை முடிக்குமுன் அவளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். இரண்டு துறைகளின் இணையப் பக்கத்திலும் பேராசிரியர்களின் ஆய்வுப் பட்டியல் இருக்கும். பொறுமையாகப் படித்து, இதில் சேர்ந்து வேலை செய்ய ஆசையாக இருக்கிறது என்று தோன்றுகிறவர்களைக் குறித்துக்கொள்ளட்டும். அவர்களிடம் இளநிலை மாணவர்களை எப்போது சேர்த்துக்கொள்வீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்கட்டும். புது மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தைக் காட்டும் ஓபன் ஹவுஸுக்குப் போனால் மேடையில் பேசுகிறவரை விட்டுவிட்டு, ஓரமாக டீ-ஷர்ட் போட்டு நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரைப் பிடித்து, உன் ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர், உன் பெயர் தெரிந்த பேராசிரியர் யார் என்று கேட்கட்டும். எங்கே நல்ல பதில் வருகிறதோ அதை முதல் தேர்வாகப் போடலாம். இரண்டும் சமமாகத் தெரிந்தால் என்யூஎஸ் போடுங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டிலிருந்து சிராங்கூனில் வட்டப் பாதை ரயிலுக்கு மாறினால் என்யூஎஸ் இருக்கும் கென்ட் ரிட்ஜ் வந்துவிடும். என்டியூவுக்குத் தீவின் மறு ஓரம்வரை ரயிலில் போய் அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும், விடுதி கிடைக்காவிட்டால் மாலை ஆய்வகம் முடித்துத் திரும்புவது பெரிய அலைச்சல்.

உங்கள் அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. இயற்பியல் படித்தவர்கள் இங்கே சில்லு ஆலைகளிலும் வங்கிகளிலும் தற்காப்பு ஆய்வுக்கூடங்களிலும் பள்ளிகளிலும் வேலை பார்க்கிறார்கள், நிரல் எழுதவும் தரவைக் கையாளவும் அந்தப் படிப்பே கற்றுக்கொடுத்துவிடும். விருப்பமில்லாத பெண்ணைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளுவதால் கூடுதலாக எதுவும் கிடைக்கப் போவதில்லை.

எனக்கு யோசனையாக இருப்பது கணிதத்தில் வந்த அந்த பி. சேர்க்கைக்காகச் சொல்லவில்லை. இயற்பியலை விட்டுப் போகிறவர்கள் பலர் இரண்டாம் ஆண்டில், கணிதம் தாங்காமல்தான் போகிறார்கள். வகுப்பு தொடங்க ஆகஸ்ட் ஆகும், கையில் ஐந்து மாதம் இருக்கிறது. நேரியல் இயற்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் தினமும் காலையில் பேனா பிடித்துப் போட்டுப் பழகட்டும், விடை பார்க்காமல். மாலையில் பைத்தான் கற்றுக்கொண்டு கையா தரவில் ஒரு விண்மீன் கொத்தை எடுத்து அதன் நிறத்தையும் ஒளியளவையும் வரைபடமாகப் போட்டுப் பார்க்கட்டும். சிக்கிக்கொண்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவளே எழுதட்டும்.

அன்புடன்,
அக்கா