இரட்டை வேர் டுரியான் ஒட்டு: 'யாரும் செய்ததில்லை' என்பது போதாது

உங்கள் காப்புரிமை விண்ணப்பத்துக்கு, 'இது யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதான்' என்று வந்த மறுப்பு நியாயமாகத்தான் படுகிறது. டுரியான் கன்றில் இரண்டாவது வேர்க்கன்றை ஒட்டி, தண்ணீர் தேங்கும் நிலத்திலும் பிழைக்க வைத்தீர்கள். 'இதை யாரும் செய்ததில்லையே' என்கிறீர்கள். அது புதுமைக்கான பதில். மலேசியாவின் 1983 காப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கேட்பது வேறு: வெளியான விவரமெல்லாம் தெரிந்த, ஆனால் அந்தத் துறையில் சாதாரணத் திறமையே உள்ள ஆளுக்கு இது தோன்றியிருக்குமா?

சுங்கை சிப்பூட் பக்கம் ஏதாவது நாற்றங்காலில் ஒட்டுக்கத்தி பிடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன்றுக்கு இரண்டு வேர் கொடுப்பது அவருக்குப் பழைய வேலை. ஈரம் தாங்கும் வேர் எதுவென்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்கள் யோசனை அவருக்குத் தேவையா? அநேகமாக இங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள்.

மூன்று வரிசை கன்று வையுங்கள்: முதல் வேர் மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும் சேர்ந்தது. ஒரே மண், ஒரே தண்ணீர். மூன்றாவது வரிசை யாரும் எதிர்பார்க்காத அளவு நின்றால் வாதாட இடமுண்டு. இரண்டாவது வேர் தனியாகவே அவ்வளவு தாங்கினால், சரி, மேற்கொண்டு காசைக் கரைக்காதீர்கள்.

அப்புறம், கோரிக்கையில் புதிய ரகத்தையே கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால், தாவர ரகங்களுக்குக் காப்புரிமை இல்லை என்னும் 13ஆம் பிரிவே கதவைச் சாத்திவிடும், மூன்று வரிசையும் உதவாது. ரகத்துக்கு 2004ஆம் ஆண்டின் புதிய தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அதற்கு விவசாய இலாகாவுக்குப் போக வேண்டும்.