நெதர்லாந்தில் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு அவசியமா?

தம்பி, மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, காசு கட்டி நீச்சல் வகுப்பில் சேர்க்கத்தான் வேண்டுமா, நம்மூர்க் கிணற்றில் கற்றுக்கொண்ட மாதிரி நாமே சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்கத்தான் வேண்டும். இன்றைக்கே பெயரைப் பதிந்துவிடுங்கள், பல நீச்சல் குளங்களில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பள்ளியை நம்பாதீர்கள். 1985க்குப் பிறகு பள்ளி நீச்சல் கட்டாயமில்லை, சில ஊர்களில்தான் இன்னும் நடக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் வேலி இருக்காது. கோடையில் அதன்மேல் பச்சைப் பாசி படர்ந்துவிட்டால் புல்தரை போலவே இருக்கும். சின்னப் பிள்ளை அதைப் புல் என்று நினைத்துக் காலை வைத்துவிடும். உள்ளே போன பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமே இல்லாமல் மூழ்கும். எனக்கு இந்த நாட்டில் பெரிய பயம் கடல் இல்லை, இந்த வாய்க்கால்தான்.

இங்கே பாடமும் அதற்கேற்பத்தான். ஏ, பி, சி என்று மூன்று சான்றிதழ். ஏ தேர்விலேயே பிள்ளை சட்டை, கால்சட்டை, காலணியோடு குதித்து, நின்ற இடத்தில் மிதந்து, நீந்தி, தானாகக் கரையேற வேண்டும். சி-க்கு வந்தால் மேலே மழைக்கோட்டும் சேரும். தவறி விழும் பிள்ளை நீச்சலுடையோடு விழப்போவதில்லையே. இன்னொன்று, தண்ணீருக்குள் தொங்கும் தார்ப்பாயின் ஓட்டையைக் கண்ணைத் திறந்து தேடி, மூச்சடக்கி நுழைந்து வர வேண்டும். நீருக்கடியில் நீந்த வேண்டிய தூரம் ஏ-க்கு 3 மீட்டர், பி-க்கு 6, சி-க்கு 9. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் கற்ற நமக்குத் தைரியம் வந்தது உண்மைதான். ஆனால் குளிர்ந்த நீரில், நனைந்து கனக்கும் உடுப்போடு என்ன செய்வது என்று நமக்கு யாரும் பழக்கவில்லை.

நம்மவர்களில் பலர் ஏ வாங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். மூன்றையும் முடிக்க வேண்டும் என்பதுதான் இங்குள்ள அளவுகோல். முடித்தாலும் ஸ்கேவனிங்கன், ஸான்ட்ஃபோர்ட் கடற்கரைகளில் சிவப்புக்கொடி பறந்தால் இறங்கவே கூடாது. காற்றைக் காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பை கம்பத்தில் தொங்கினால் காற்றடைத்த மிதவைகளை எடுத்துப் போகாதீர்கள், கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று பிள்ளையோடு அதை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும்.

செலவு அதிகம்தான், ஏ-க்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவி உண்டு, நகராட்சியில் கூச்சப்படாமல் கேளுங்கள். இடம் கிடைக்கும்வரை வார இறுதியில் மகளைக் குளத்துக்குக் கூட்டிப்போய், முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை வெளியே விடப் பழக்குங்கள். கையில் காற்றுப்பட்டை மாட்டியிருந்தாலும் எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே நில்லுங்கள், கைபேசி பைக்குள் இருக்கட்டும்.