“ரெண்டு நிமிஷம்தான்” என்று சொல்லிவிட்டு டேப்லெட்டை வாங்கினாலும் குழந்தை ஏன் ஆர்ப்பாட்டம் செய்கிறது?

முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் டேப்லெட்டை வாங்குகிறோம், அப்படியும் மூன்று வயது மகள் வீட்டை இரண்டாக்குகிறாள், இதையெல்லாம் யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆராய்ந்திருக்கிறார்கள். அதைச் செய்தது குழந்தை மருத்துவர்கள் இல்லை, கணினித் துறைக்காரர்கள். ஒரு கருவியை மனிதர்கள் எப்படிப் புழங்குகிறார்கள், அது அவர்களை என்ன செய்கிறது என்று பார்க்கும் துறைக்கு மனித-கணினி ஊடாட்டம் என்று பெயர். ஆபீஸ் பேச்சில் ஹெச்.சி.ஐ. நான் ஆப்களுக்குத் திரை வடிவமைத்துச் சம்பாதிப்பவன். வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ரெண்டு பக்கமும் இடி.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் வைத்திருப்பவர் அலெக்சிஸ் ஹினிகர். சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஃபோனோடும் டேப்லெட்டோடும் குடும்பங்கள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அங்கேயே இருக்கும் ஜூலி கீன்ட்ஸ் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்று முதல் ஐந்து வயதுவரை பிள்ளைகள் உள்ள 28 குடும்பங்களை இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுத வைத்தார்கள். திரையை எதற்காகக் கொடுத்தீர்கள், எப்படி நிறுத்தினீர்கள், பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று பெற்றோர் எழுதினார்கள்.

பெரும்பாலான நேரம் ரகளையே நடக்கவில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறைதான் அழுகையும் கோபமும். (மற்ற நாலு முறை யாருக்கு நினைவிருக்கிறது?) ஆனால் “இன்னும் ரெண்டு நிமிஷம்” என்று எச்சரித்த வேளைகளில் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. ஆய்வாளர்களே இதை எதிர்பார்க்கவில்லை. பிள்ளை ஏற்கெனவே முரண்டு பிடிக்கும் நாளில்தான் பெற்றோர் எச்சரிக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு, எண்களைப் பல விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். எப்படிப் பிரித்தாலும் எச்சரிக்கை கொடுத்த பக்கம்தான் அழுகை அதிகம். 28 குடும்பம் என்பது சின்னக் கூட்டம், அதுவும் அமெரிக்கக் கூட்டம், எழுதியதும் பெற்றோரே. அதனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் நம் ஊர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் “முன்கூட்டியே சொல்லுங்கள், அழ மாட்டான்” என்று வேதவாக்கு மாதிரி வரும் அறிவுரையை இனி கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க முடியும்.

எப்போது சண்டையில்லாமல் முடிந்தது என்றும் பார்த்திருக்கிறார்கள். நிகழ்ச்சி தானாக முடிந்தபோது, அது தினமும் நிறுத்தும் நேரமாக இருந்தபோது, வைஃபை போனபோது, சார்ஜ் தீர்ந்தபோது. அதாவது அப்பாவோ அம்மாவோ நிறுத்தாதபோது.

இதற்கு நான் சொல்லிக்கொள்ளும் காரணம் இது: மூன்று வயசுக்கு நிமிடக் கணக்கு கிடையாது. ஒரு கதை தெரியும், ரெண்டு பாட்டு தெரியும். “ரெண்டு நிமிஷம்” என்றால், அம்மா எதையோ பிடுங்கப் போகிறாள் என்ற அறிவிப்பு மட்டும்தான் அதன் காதில் விழுகிறது. அந்த நொடியிலிருந்து வழக்கு ஆரம்பம். சார்ஜ் தீர்ந்துபோனால் யாரோடு வழக்காடுவது?

அடுத்தது, என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. ஒரு நாள் மகள் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, திரையை விட்டுவிட்டு அவள் கையைக் கவனியுங்கள். என் பையனிடம் நான் பார்த்தது இது. கதை முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. கண் திரையை விட்டு விலகுகிறது, கை காலடியில் கிடக்கும் லாரியைத் தேடிப் போகிறது. சரியாக அந்த நேரத்தில் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பிக்கிறது, அடுத்த வீடியோ இன்னும் சில நொடிகளில் என்று. லாரி அங்கேயே கிடக்கிறது, முகம் திரும்பத் திரைக்குப் போய்விடுகிறது. அவன் தானாக எழுந்து போகவிருந்த அந்த இடைவெளியை அடைப்பதுதான் அந்த வட்டத்தின் வேலை. அதை வரைந்தவர் என்னைப் போன்ற ஒரு டிசைனர், நன்றாகவே வரைந்திருக்கிறார்.

ஹினிகர் இதையும் சோதித்துப் பார்த்தார். ‘கோகோஸ் வீடியோஸ்’ என்று சிறு பிள்ளைகளுக்கான வீடியோ ஆப் ஒன்றை அவர் குழுவே உருவாக்கியது. என்னென்ன பார்க்கப் போகிறோம் என்று பிள்ளையே முதலில் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட வேண்டும். பட்டியல் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை மட்டும் மாற்றி மாற்றி வைத்தார்கள். அவற்றில் ஒன்று, அடுத்த வீடியோ தானாக ஓடுவது. 2018-இல் வந்த முடிவு: ஆட்டோபிளே வைத்தபோது பிள்ளைகள் கூடுதல் நேரம் பார்த்தார்கள், தாங்களாக நிறுத்துவது குறைந்தது, பெற்றோர் தலையிட வேண்டிய நிலை அதிகமானது. நம் வீட்டில் பிடிவாதம் என்று பெயர் வாங்கும் சமாச்சாரத்தில் ஒரு பகுதி ஆப்பிலிருந்து வருகிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

நிறுவனங்களும் மெதுவாக அசைந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில், 18 வயதுக்குட்பட்டவர்களின் கணக்குகளில் ஆட்டோபிளேயை அணைத்த நிலையிலேயே கொடுப்போம் என்று யூடியூப் அறிவித்தது. பிரிட்டனில் குழந்தைகளுக்கான வடிவமைப்பு விதிகள் அமலுக்கு வந்துகொண்டிருந்த சமயம் அது. சட்டம் கதவைத் தட்டினால்தான் எங்கள் தொழிலில் சில பட்டன்கள் இடம் மாறும், அது வேறு கதை.

பெரியவர்களையும் ஹினிகர் விட்டுவைக்கவில்லை. சியாட்டில் பூங்காக்களில் விளையாடும் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் ஃபோனை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஒரு ஆய்வு, 2015-இல் வந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர், பூங்காவில் இருந்த நேரத்தில் 5 சதவீதம்கூட ஃபோனைப் பார்க்கவில்லை. ஊர் திட்டுகிற அளவுக்கு நாம் மோசமில்லை போல. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை கூப்பிட்டால், பல சமயம் தலையே நிமிரவில்லை. பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் கொண்ட 249 குடும்பங்களிடம் கேட்ட இன்னொரு ஆய்வில், எங்களைக் கேட்காமல் எங்கள் விஷயத்தை ஆன்லைனில் போடாதீர்கள் என்பது பிள்ளைகள் பெற்றோருக்கு விதிக்க விரும்பிய கட்டுப்பாடுகளில் ஒன்று. “சாப்பிடும்போது ஃபோன் கூடாது” என்பது போன்ற, இடத்தைச் சார்ந்த விதிகளைவிட, “இந்த ஆப்பே வேண்டாம்” என்பது போன்ற விதிகளைக் கடைப்பிடிப்பது எளிதாக இருந்ததாம். உங்கள் மகள் அந்த வயதுக்கு வரும்போது இது உதவும்.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? நான் செய்வதைச் சொல்கிறேன். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். பார்க்கும் முன்னாலேயே “எந்த ரெண்டு கதை?” என்று கேட்டு அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தாலும் ஓடும் கதை முடியும்வரை பொறுப்பது, நடுவில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சமாதானம் செய்வதைவிட லாபம். யூடியூப் கிட்ஸில் டைமர் இருக்கிறது, நேரம் முடிந்ததும் ஆப் தானாகப் பூட்டிக்கொள்ளும். பையனிடம் நான் “போதும்” என்றால் பஞ்சாயத்து. ஆப் சொன்னால் ஒரு முனகலோடு எழுந்துவிடுகிறான். எல்லா நாளும் இல்லை, காய்ச்சல் நாளிலும் தூக்கம் வரும் நேரத்திலும் எந்த ஆய்வும் எடுபடாது.

ஆட்டோபிளே செட்டிங்கை உங்கள் ஃபோனில் மட்டும் மாற்றினால் போதாது. எங்கள் வீட்டில் தாத்தாவின் ஃபோனில் இருப்பது பெரியவர்களுக்கான சாதாரண யூடியூப், அதுவும் அவர் கணக்கில். பக்திப் பாட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும் என்பதற்காக ஆட்டோபிளேயை அவர் அணைக்க விடமாட்டார். கடைசியில் அதே ஃபோனில் யூடியூப் கிட்ஸைத் தனியாகப் போட்டு, முகப்பில் முதல் வரிசையில் வைத்து, பேரன் கேட்டால் இதைத் திறந்து கொடுங்கள் மாமா என்று என் மனைவி அவருக்குக் காட்டிக்கொடுத்தாள்.