எல்லைக்கல்: வாசகர் கேள்வி பதில்

(34 வருடம் வன்னியில் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், காணி சம்பந்தமான கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்.)

பிரதேச செயலகம் ஒன்றின் காணிப் பகுதியில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் ஐந்து நாள் வதிவிடப் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ‘காலநிலை மாற்றத்துக்கு ஏற்ற காணி ஆளுகை’ என்று தலைப்பு. இங்கே முடியாத அரச காணி பெர்மிட் கோப்புகள் அலுமாரி நிறையக் கிடக்கின்றன. மழை வெயிலை வளிமண்டலவியல் திணைக்களம் பார்க்கட்டும், காணிக் கந்தோருக்கு இது எதற்கு?
— வாசகி, கிளிநொச்சி

மகள், கடுப்பு விளங்குகிறது. பயிற்சி என்று போய் சோற்றுப் பார்சலும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு திரும்பியவன்தான் நானும். என்றாலும் இதற்குப் போங்கள். ஏன் என்று சொல்வதற்கு என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2011 ஆவணி. மீள்குடியேற்றக் காலம். இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஒரு கிராமத்தில் ஆளுக்கு அரை ஏக்கர் மேட்டுக்காணி பிரித்துக்கொண்டிருந்தோம். வெயில் என்றால் அப்படியொரு வெயில், நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு துண்டின் நடுவால் பள்ளம் மாதிரி ஏதோ ஓடியது. முழங்கால் ஆழம்கூட இல்லை. கரையில் இரண்டு மருதமரம் நின்றது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மருது தண்ணீர் போகும் இடத்தில் நிற்கிற மரம். மாடு சாய்த்துக்கொண்டு போன ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, “ஐயா, இது வாய்க்கால் இல்லைத்தான். ஆனா தண்ணிக்கு இந்த வழி தெரியும்” என்றார். நான் சிரித்தேன். பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு ஒன்றும் இல்லை. வரைபடத்தில் இல்லாததை நான் எப்படிப் போடுவது? கல்லை நட்டேன். துண்டு இலக்கம் விழுந்தது. கணவனை இழந்த ஓர் அம்மாவுக்கு அது பெர்மிட் காணியாகப் போனது.

2018 டிசெம்பர் 21 இரவு பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போனேன். நான் நட்ட கல் அசையாமல் நின்றது. வீட்டுச் சுவரில் என் நெஞ்சு மட்டத்துக்கு ஒரு சேற்றுக்கோடு. கிணறு வாய்வரைக்கும் கலங்கல். அந்த அம்மா திண்ணையில் பிள்ளைகளின் கொப்பிகளை ஒவ்வொரு ஒற்றையாகப் பிரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, “வாங்கோ சேவையர்” என்று கதிரை தந்தார். கதிரையும் ஈரம்.

இதற்குப் பிறகுதான் காணிப் பகுதியின் வேலை தொடங்குகிறது, மகள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “மாத்திக் காணி தருவீங்களோ?” 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் அது. அதை விற்றுவிட்டு வேறிடம் போக அவரால் முடியாது. பெர்மிட் மூலப் பிரதி வெள்ளத்தில் கூழாகிப் போனது. வீட்டு நட்டஈட்டுக்குக் காணிப் பத்திரம் கேட்டார்கள். ‘இந்தத் துண்டு ஒவ்வொரு பெருமழைக்கும் தாழும், ஆளை மாற்றுங்கள்’ என்று எழுத எந்தப் படிவத்திலும் ஓர் இடம் இருக்கவில்லை. மழை ஓர் இரவில் விட்டது, கோப்பு மூன்று மேசை தாண்ட இரண்டு வருடம் எடுத்தது.

என் தொழிலின் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அளவை வேலை அநேகமாக வைகாசியிலிருந்து புரட்டாதி வரைதான். மாரியில் ஒழுங்கையே தெரியாது, கருவியையும் வெளியில் எடுக்க முடியாது. ஆகவே வன்னியின் வரைபடங்கள் எல்லாம் கோடையில் கீறியவை. குடியிருக்கிற சனம் மாரியையும் சேர்த்துத்தான் அந்தக் காணியில் இருக்கிறது. முன்னெல்லாம் மாரி என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எனப் பரந்து பெய்யும், பள்ளங்கள் மெதுவாக நிரம்பி வடியும். இப்போது ஒரே நாளில் கொட்டுகிறது, இல்லையென்றால் 2016, 2017 போல இரண்டு போகமும் காய்கிறது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியது நினைவிருக்கும். கோடையில் கீறிய கோட்டை நம்பிக் காணி கொடுப்பது இனிச் சரிவராது.

உலகத்தில் இதை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். 2012 மே மாதத்தில் உலக உணவுப் பாதுகாப்புக்கான குழு, காணி, மீன்பிடி, காடு ஆகியவற்றின் உரிமைகளைப் பொறுப்போடு ஆளுவது பற்றி ஒரு வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது. அதில் 23ஆம் அத்தியாயம் காலநிலை மாற்றம், 24 இயற்கை அனர்த்தம், 25 மோதல். படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 2008 நவெம்பரில் நிஷா புயல் மழை பெய்தபோது, எங்கள் சனம் இடம்பெயர்ந்து விசுவமடுப் பக்கம் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தது. மூன்று அத்தியாயமும் ஒரே கொட்டிலுக்குள்.

ருவாண்டாவில் 2009க்கும் 2013க்கும் இடையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட காணித் துண்டுகளைப் பதிவு செய்து முடித்தார்கள். அவ்வளவு சேவையருக்கு எங்கே போவது? ஊர்ப் பெடியன் பெட்டையளையே பயிற்றினார்கள். வானிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, இரண்டு பக்கத்து அயலவரையும் நிற்கவைத்து, படத்திலேயே எல்லையைக் கீறவைத்தார்கள். அங்குலக் கணக்கு இல்லை, ஆனால் தேவைக்குப் போதும். ஆபிரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் காணி ஆளுகைக்கென்றே ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து பாடம் வைத்திருக்கின்றன. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலுள்ள ஐ.ரி.சி. என்ற கல்வி நிறுவனம் 1950இலிருந்து எங்களைப் போன்ற நாட்டு ஆட்களுக்கு அளவையும் வரைபடமும் படிப்பிக்கிறது. நாட்டில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே பதிந்து கிடப்பவர்களுக்குத் தண்ணீரை மறந்துவிட்டுக் காணி பேச வராதுதானே.

சரி, உங்கள் ஐந்து நாளுக்கு வருவோம். குளிரூட்டிய மண்டபத்தில் படம் காட்டுவார்கள், காட்டட்டும். நீங்கள் வெறுங்கையோடு போகாதீர்கள். அலுமாரியிலிருந்து மூன்று கோப்பின் பிரதியை எடுத்துப் போங்கள். வெள்ளம் ஏறிய காணி ஒன்று, உவர் ஏறிய வயல் ஒன்று, பெர்மிட்காரர் செத்து, பின்னுரித்தாளர் (அவருக்குப் பிறகு காணிக்கு உரியவர்) நியமிக்காமல் கிடக்கிற காணி ஒன்று. ‘இதை முடித்துக் காட்டுங்கள்’ என்று வளவாளரிடம் கேளுங்கள். முடிக்கத் தெரிந்தவர் என்றால் அந்த ஐந்து நாளும் பொன்.

ஒரு நாளாவது வெளியே கூட்டிப் போகச் சொல்லுங்கள். இரணைமடுவுக்கே போகலாம். கனகராயன் ஆறு வவுனியாவில் பிறந்து முல்லைத்தீவைக் கடந்து கிளிநொச்சிக்கு வருகிறது. குளக்கட்டு நீர்ப்பாசனத்தார் பொறுப்பு, மேலே காடு வனத்தார் பொறுப்பு, கீழே வயலுக்குக் கமநலத்தாரிடம் இடாப்பு, குடியிருப்புக்கு உங்கள் கோப்பு. தண்ணீர் இந்தக் கந்தோர்களில் ஒன்றிடமும் கேட்டு வருவதில்லை. நான்கு கந்தோர் ஆட்களையும் ஒரே குளக்கட்டில் நிறுத்தி, ‘வான்கதவு திறந்தால் முதலில் எந்தத் துண்டு தாழும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவர் அநேகமாகக் கீழே மாடு மேய்ப்பவராகத்தான் இருப்பார். அவரையும் கூப்பிட்டு இருத்துங்கள், தேத்தண்ணி கொடுத்து.

பயிற்சி மாரியில் என்றால் இன்னும் நல்லது. கோடையில் வைத்தால் என்னைப் போல இன்னொருவரைத்தான் உருவாக்குவார்கள்.

எங்கள் சிறு குளத்தின் அலைகரையில் (தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில்) அப்பா காலத்திலிருந்து தோட்டம் செய்கிறோம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது ஒரே பற்றைக்காடு. வெட்டித் துப்புரவாக்கினோம். இப்போது ‘நீரேந்து பகுதி, காலநிலைப் பாதுகாப்பு’ என்று எழும்பச் சொல்கிறார்கள். காலநிலை என்பது எங்களை எழுப்புகிற புதுச் சாட்டா?
— கமக்காரர், ஒட்டுசுட்டான்

தம்பி, உங்களுக்குப் பிடிக்காததை முதலில் சொல்கிறேன். அலைகரையை உழுதால் மண் கரைந்து குளத்துக்குள்தான் போகும். குளம் தூர்ந்தால் கீழே உங்கள் அயலவனுடைய வயலுக்குத் தண்ணீர் குறையும். அது சாட்டு இல்லை, கண்ணால் காண்கிற விஷயம்.

ஆனால் உங்கள் சந்தேகமும் வெறும் சந்தேகம் இல்லை. சனம் இருபது வருடம் இல்லாமல் போன காணியில் பற்றை வளரும். மேலிருந்து படம் எடுத்தால் அது காடாகத்தான் தெரியும். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டச் சொன்னது. எதிர்ப்பு வந்து பிறகு கைவாங்கினார்கள். அதற்கும் காலநிலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அப்படிப் பயந்த சனத்திடம் யார் வந்து எந்தப் பலகையை நட்டாலும் சந்தேகம்தான் வரும்.

செய்ய வேண்டியது இது. குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் எங்கே வருகிறது என்று நிலத்தில் கல் போட்டுக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உங்கள் தோட்டத்தில் எவ்வளவு அந்த மட்டத்துக்குக் கீழே, எவ்வளவு மேலே என்பதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் போங்கள், கமக்காரர் அமைப்பையும் சேர்த்துக்கொண்டு. அப்பாவின் கிணறு, தென்னை, பழைய வேலி அடி எல்லாவற்றையும் திகதி விழுகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். காட்டுக்குள் கிணறு தானாக முளைக்காது. எழும்பத்தான் வேண்டும் என்று வந்தால், மாற்றுக்காணி எங்கே, எத்தனை பரப்பு, தண்ணீர் உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை கையொப்பம் வைக்காதீர்கள். நான் சொன்ன 23ஆம் அத்தியாயமும், பாதிக்கப்படுகிற ஆட்களோடு கலந்து பேசித்தான் காலநிலைத் திட்டம் போட வேண்டும் என்கிறது. அது சட்டம் இல்லைத்தான், ஆனால் கூட்டத்தில் எடுத்து வைத்தால் ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பார்கள்.

பூநகரியில் எங்கள் வயல். அப்பா மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்த காணி. இப்போது கடற்பக்க வரவையில் உவர் ஏறி விளைச்சல் இல்லை. வேறு ஏதும் செய்யலாமென்றால் ‘நெற்காணி, தொடக்கூடாது’ என்கிறார்கள். பெர்மிட் இன்னும் காலஞ்சென்ற அப்பாவின் பெயரில். அம்மாவும் இல்லை. நான் மூத்தவள், எனக்கு இளைய தம்பி வெளிநாட்டில்.
— வாசகி, பூநகரி

தங்கச்சி, இரண்டு முடிச்சு. முதலில் பெயரை அவிழுங்கள், பிறகு உவர். முந்தி பின்னுரித்தாளர் நியமிக்காமல் பெர்மிட்காரர் இறந்தால் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். சட்டத்திலுள்ள அந்த வாரிசு அட்டவணையை 2022இல் திருத்தி, ஆண் பெண் வேறுபாட்டை எடுத்தார்கள். அப்பா இறந்த திகதியும் கணக்கில் வரும், ஆகவே மரணச் சான்றிதழோடு பிரதேச செயலகக் காணிப் பகுதிக்குப் போங்கள். தம்பியின் சம்மதக் கடிதமும் கையில் இருந்தால் நல்லது.

அப்புறம் உவர். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை வேறு தேவைக்குப் பாவிக்க எழுத்துமூல அனுமதி வேண்டும். ‘தொடவே கூடாது’ என்பதும் ‘அனுமதி எடுத்துச் செய்’ என்பதும் ஒன்றல்ல. மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் உவர்ப் பரிசோதனைக்குக் கொடுத்து, அந்தத் தாளை விண்ணப்பத்தோடு வையுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் செய்து சேர்த்தால் இன்னும் பலம். கடல் எந்த வருடம் எத்தனை வரவை தாண்டியது என்று எந்தக் கந்தோரும் உங்களுக்காக எழுதி வைக்கப் போவதில்லை.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு. நில அளவையாளராக வர எங்கே படிப்பது?
— மாணவன், புதுக்குடியிருப்பு

பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானப் பட்டப்படிப்பு உண்டு. தியத்தலாவையில் நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இரண்டும் மலையும் குளிரும், ஸ்வெற்றர் கொண்டுபோங்கள். படித்துவிட்டு வன்னிக்கே வாருங்கள். மலைநாட்டில் சரிவு கண்ணுக்குத் தெரியும். இங்கே நூறு யார் தூரத்துக்கு ஒரு சாண் சாய்வு, அதைக் கண்டுபிடிக்கத்தான் படிப்பு வேண்டும்.

ட்ரோனும் ஜீ.பி.எஸ்ஸும் வந்துவிட்டன. உங்கள் காலத்துச் சங்கிலியை என்ன செய்தீர்கள், ஐயா?
— வாசகர், மாங்குளம்

66 அடி, 100 இணைப்பு, ஒன்றும் குறையவில்லை. வீட்டுப் படலையில் சுற்றிக் கட்டியிருக்கிறேன், இரவில் மாடு வராமல்.